நரகத்தில் ஒரு கோயில் ஜாடி

ஆல்டர்வெல் ஊரில் ஹாவிஸைக் குறை சொன்னவர்கள்கூட அவள் காய்ச்சிய ஏலைக் குறை சொன்னதில்லை. பார்லியை முளைகட்டி, வாட்டி, வெந்நீரில் ஊறப் போட்டுப் புளிக்க வைத்தால் எந்த வீட்டிலும் ஏல் வரத்தான் செய்யும். இவள் வீட்டில் ஏல் வந்தால் கூடவே ஊரும் வந்தது. வாசலில் ஒரு கம்பை நீட்டி அதன் நுனியில் ஒரு கொத்துத் தழையைக் கட்டினாள் என்றால் புது ஏல் இறங்கிவிட்டது என்று பொருள். உழுதுகொண்டிருப்பவன் ஏரை நிறுத்திவிட்டு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பான்.

கொள்ளைநோய் இரண்டாம் முறை வந்தபோது அவள் புருஷன் ஹாமோ போய்ச் சேர்ந்தான். கோயிலுக்குப் பின்னாலிருக்கும் மரத்தடியில் அவனைப் புதைத்துவிட்டு வந்து, மறுநாளே அடுப்பு மூட்டினாள். கல்நெஞ்சுக்காரி என்று சிலர் பேசினார்கள். பேசியவர்களும் சாயங்காலம் குடிக்க வந்தார்கள். ஹாவிஸ் ஆள் குட்டை, கை பெரிது, மூக்கின் இடது பக்கம் மிளகு அளவில் ஒரு மரு. பேச்சு வெடுக்கென்று இருக்கும். ஆனால் ஊரிலேயே சாமியார் பிரசங்கத்தில் சொல்வதையெல்லாம் நிஜம் என்று நம்பிய ஒரே ஆள் அவள்தான். அவளுக்கு வந்த வினையெல்லாம் அதனால் வந்ததுதான்.

பங்குச் சாமியார் ஆஸ்பர்ட் கெட்டவர் என்று சொல்ல முடியாது. நல்ல குரல், நல்ல உடம்பு. அவர் வீட்டில் சிஸிலி என்றொரு சமையற்காரி இருந்தாள். அவளுக்குப் பிறந்த பிள்ளைகள் சாமியாரை மாமா என்று கூப்பிடும். பிள்ளைகளின் அப்பா யார் என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

நள்ளிரவு தாண்டிவிட்டால் பூசை வைக்கும் சாமியார் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக, சிஸிலி மேல்துணிக்குள் ஒரு சிறு மண்கலயத்தை மறைத்துக்கொண்டு ஹாவிஸ் வீட்டுப் பின்வாசலுக்கு வருவது இன்னொரு சட்டம். சாமிக்குத் தொண்டைக்கட்டு, வாய் கொப்பளிக்க வேண்டும் என்பாள். கொப்பளித்ததை அவர் துப்பியதாக யாரும் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிறு அவர் பிரசங்கத்தில் பொரிந்து தள்ளினார். பூசை முடிவதற்குள் ஏல் ஊற்றுகிறவள் பசாசுக்கு ஊற்றுகிறாள், அதைக் குடிக்கிறவன் பசாசின் எச்சிலைக் குடிக்கிறான் என்று முழங்கினார். ஹாவிஸ் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. எத்தனை ஞாயிறு, எத்தனை கலயம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தாள். அடுத்த ஞாயிறு சிஸிலி வந்து கதவைத் தட்டினாள்.

"பூசை முடியட்டும், சிஸிலி," என்றாள் ஹாவிஸ்.

"என்னக்கா விளையாடுறே? இது சாமிக்கு."

"சாமிதானடி சொன்னாரு, பூசைக்கு முன்னாடி ஊத்துறவ பசாசுக்கு ஊத்துறான்னு. நீயும்தான் முன்னால நின்னு தலையாட்டுனே."

"ஐயோ, அது ஊருக்குச் சொன்னதுக்கா."

"நானும் ஊருதானே," என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள்.

அன்றைய பூசையில் சாமியாரின் குரல் பாதி வழியில் உடைந்தது. பாட்டு ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகப் போனார்கள். ஹாவிஸ் மட்டும் மனம் லேசாகி, கண்ணை மூடிக்கொண்டு முழங்காலில் நின்றாள். சாமியாரை ஒரு பாவத்திலிருந்து காப்பாற்றிவிட்டதாகவே அவள் எண்ணம். காப்பாற்றப்பட்டவர் அவளைப் பார்த்த பார்வையை அவள் கவனிக்கவில்லை. இந்தக் குறையை அவர் யாரிடம் போய்ச் சொல்வார்? பூசைக்கு முன்னால் எனக்குக் குடிக்கக் கொடுக்க மறுத்தாள் என்று தனக்கு மேலே இருக்கும் மேற்றிராணியாரிடம் முறையிட முடியுமா? முழுங்கிக்கொண்டார். அன்று அவருக்கு முழுங்கக் கிடைத்தது அது ஒன்றுதான்.

அந்த வருஷம் கோயிலில் பெரிய வேலை ஒன்று நடக்க வேண்டியிருந்தது. பீடத்துக்கு முன்னாலுள்ள வளைவுக்கு மேலே கடைசித் தீர்ப்பின் படம் இருந்தது. ஈரம் பிடித்து, மோட்சமும் நரகமும் ஒன்றோடொன்று கலந்து உரிந்துகொண்டிருந்தது. புதிதாக வரையக் காசு வேண்டும். காசு வேண்டுமென்றால் எங்கள் பக்கத்துக் கோயில்களுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. பெந்தெகொஸ்தே திருநாளில் ஊரெல்லாம் பார்லி கொடுக்கும், ஹாவிஸ் கூலி வாங்காமல் காய்ச்சுவாள், கோயில் வளாகத்திலேயே வைத்து விற்பார்கள், வரவு ஆண்டவருக்கு. குடி பாவம், ஆனால் கோயிலுக்காகக் குடித்தால் புண்ணியம். அன்று சேர்த்த புண்ணியத்தால் நடக்க முடியாமல் பலரை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

விற்பனைக்கு நின்றவர் வைமண்ட். கோயில் சொத்துக்குக் காவலர் அவர். மற்ற நாட்களில் பண்ணையின் அதிகாரியாக ஏல் ருசி பார்க்கிறவரும் அவரே. ஹாவிஸ் தழையைக் கட்டினால் வந்து, ஒரு வாய்க்குப் பதில் நாலு வாய் ருசி பார்த்து, அவள் ஜாடியில் பண்ணை முத்திரை இருக்கிறதா, அளவு சரியாக இருக்கிறதா என்று முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சோதிப்பார். கோயில் விற்பனைக்கு மட்டும் அந்த ஜாடி கிடையாது. கோயிலுக்கென்று தனி ஜாடி இருந்தது. பச்சைப் பூச்சு, கழுத்தில் தாடி வைத்த ஒரு முகம், அந்த முகத்துக்கு மூக்கு உடைந்து போயிருக்கும். மூக்கறுந்த கிழவன் என்பது அதற்கு ஊர் வைத்த பெயர். பார்க்கப் பெரிய ஜாடி. அடிப்பக்கம் விரல் கனத்துக்கு மேல் தடித்திருப்பது அதைக் கழுவியவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"இது குறையா இருக்கே அண்ணே," என்று ஹாவிஸ் முன்பொரு தடவை கேட்டிருந்தாள்.

"குறையிறது கடவுளுக்குப் போகுதும்மா. நீ சும்மா இரு."

கடவுளுக்குப் போகிறதென்றால் அவள் என்ன சொல்ல முடியும்? சும்மா இருந்தாள்.

ஓவியன் தர்ஸ்டன் கோடையில் வந்தான். ஒல்லியான இளைஞன், விரலெல்லாம் சிவப்பு மண். அவனுக்குச் சோறும் ஏலும் படுக்கையும் கொடுப்பது ஹாவிஸின் காணிக்கை என்று சாமியாரே ஏற்பாடு செய்தார். அவரே தன்னைக் கூப்பிட்டுச் சொன்னதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆட்டுக்கறி போட்டுப் பட்டாணிக் கஞ்சி வைத்தாள். தர்ஸ்டன் சாப்பிடும்போதெல்லாம் அவள் முகத்தையே பார்த்தான். பக்கவாட்டில் பார்த்தான், வெளிச்சத்தில் நிற்கச் சொல்லிப் பார்த்தான். விதவையைப் பார்க்கும் பார்வை இல்லை அது, அவளுக்கு அந்த வித்தியாசம் தெரியும். படத்துக்குத்தான் பார்க்கிறான். மோட்சத்துக்குப் போகிறவர்களின் வரிசையில் கடைசியாக, ஒரு ஓரமாக, தன்னையும் நிற்க வைக்கப் போகிறான் என்று முடிவு கட்டிக்கொண்டாள். கூலி இல்லாமல் காய்ச்சினோமே, அதற்குச் சாமி செய்கிற மரியாதை. யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளைத் தலைத்துணியைச் சாம்பல் போட்டு வெளுத்துக் கட்டிக்கொண்டாள்.

அறுவடை நாளில் ஒரு மத்தியானம், அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனவள் சாரத்தில் ஏறித் துணியை விலக்கிப் பார்த்தாள். மோட்ச வரிசையில் முதல் ஆளாகப் பண்ணையார், அடுத்து பண்ணையாரம்மா, அதற்கடுத்து கன்னம் பளபளக்க, கைகூப்பிக்கொண்டு ஆஸ்பர்ட் சாமியார். தன்னைக் காணோம். நடுவில் இறக்கையோடு, தராசு பிடித்த மிக்கேல் சம்மனசு. இந்தப் பக்கம் நரகம். அங்கே ஒரு பசாசு தோளில் மூட்டை மாதிரி ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடியது. வெள்ளைத் தலைத்துணி. மூக்கின் இடது பக்கம் மரு. ஒரு கை மட்டும் இன்னும் வெறுமையாக நீண்டிருந்தது.

கஞ்சிச் சட்டியைப் பலகையில் வைத்தாள்.

"அம்மா, நான் என்ன செய்யட்டும்? சாமி சொன்னாரு. மருவை விட்டுடாதேன்னு ரெண்டு தடவை சொன்னாரு," என்றான் தர்ஸ்டன். பாவம், அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. தினமும் அவள் கையால்தானே தின்றான்.

அவள் நேரே சாமியார் வீட்டுக்குப் போனாள். அவர் தோட்டத்தில் பேரிக்காய் தின்றுகொண்டிருந்தார்.

"அது நீ இல்லம்மா," என்றார். "எல்லாக் கோயில்லயும் நரகத்துல ஒரு ஏல்காரி இருப்பா. அது வழக்கம். பொதுவா ஒருத்தி."

"பொதுவா ஒருத்திக்கு என் மரு எதுக்கு சாமி?"

"தாழ்ச்சி வேணும்மா. தன்னை நரகத்துல பார்க்கிறவ நரகத்துக்குப் போக மாட்டா. உன் நல்லதுக்குத்தான்."

"அப்ப உங்களை ஏன் சாமி மேல வரைஞ்சிருக்கு?"

பேரிக்காய் பாதியில் நின்றது. "நாக்கு வறண்டு பீடத்துல நின்னவனுக்குத் தெரியும், யாரை எங்க வைக்கணும்னு," என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

ஹாவிஸுக்கு விளங்கிவிட்டது. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளுக்கு வந்தது பயம்.

"சாமி, கடைசி நாள்ல ஆண்டவர் இந்த ஊருக்கும் வருவாரு. வந்து முதல்ல தன்னோட கோயிலுக்குள்ளதான் நுழைவாரு. அந்தச் சுவத்தைப் பார்ப்பாரு. அவரோட சாமியாரே எழுதி வச்சதைத் தப்புன்னா சொல்லப் போறாரு? ஹாமோ அந்தப் பக்கம் நிப்பான், என்னை இந்தப் பக்கம் தூக்கிட்டுப் போயிருவாங்க. அழிச்சிருங்க சாமி. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறேன்."

"படம் அப்படியேதான் இருக்கும்," என்றார் அவர். அவர் முகத்தைப் பார்த்தால் ஒரு நிமிஷம் இரங்கியது போலத்தான் இருந்தது. ஆனால் பேரிக்காய் நன்றாகப் பழுத்திருந்தது.

வீட்டுக்கு வந்து ஊறல் தொட்டியைக் கிளறியபடியே அழுதாள். அந்த முறை ஏல் கொஞ்சம் உப்புக் கரித்தது என்று கேலி செய்வார்கள். அது பொய். அவள் ஏல் எப்போதும் கரித்ததில்லை.

படம் திறப்புக்கு முந்தைய நாள் தர்ஸ்டன் தயங்கித் தயங்கி வந்தான்.

"கையில ஒரு ஜாடி வரையணும்மா. பொய்யளவு ஜாடி. அது ஒண்ணுதான் பாக்கி. உங்க ஜாடியைக் குடுத்தீங்கன்னா பார்த்து வரைஞ்சிருவேன்."

"என் ஜாடில பண்ணை முத்திரை இருக்கு தம்பி. அது சரியளவு. நரகத்துல சரியளவை வரைஞ்சா அது பொய்யில்லையா? கோயில்ல பொய் வரையலாமா?"

"அப்ப பொய்யளவுக்கு எங்க போறது?"

"வைமண்ட் அண்ணனைக் கேளு. கோயில் சாமான் அறையில இருக்கு."

பழிவாங்கத்தான் சொன்னாள் என்று ஊரில் பாதிப் பேர் சொல்வார்கள். அவளைத் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை. பொய்யளவு எது என்று கேட்டான், இருக்கும் இடத்தைச் சொன்னாள். முகம்தான் பொய்யாகிவிட்டது, கையில் இருப்பதாவது உண்மையாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பாள். தர்ஸ்டன் போய்க் கோயில் ஜாடி வேண்டும் என்றபோது வைமண்டும் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. கோயில் வேலைக்குக் கோயில் சாமான்தானே என்று அவரே எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். அன்று சாயங்காலம் சாமியார் வழக்கம்போல வந்து மருவைப் பார்த்துத் திருப்தியாகப் போன பிறகு, தர்ஸ்டன் ஜாடியை வரைந்தான். சோறு போட்டவளுக்குத் தன்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான் என்று நினைத்தானோ என்னவோ, தன் திறமையையெல்லாம் அதில் கொட்டினான்.

மிக்கேல் சம்மனசு திருநாளன்று கோயில் நிரம்பி வழிந்தது. ஹாவிஸ் வராமல் இருந்திருக்கலாம். திருநாள் பூசைக்கு வராவிட்டால் பாவமாயிற்றே, வந்தாள். தூண் ஓரமாக நின்றாள். துணி விழுந்தது. எல்லார் கண்ணும் மருவுக்குப் போய், அங்கிருந்து தூண் பக்கம் திரும்பியது. யாரோ சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சாமியார் படத்துக்கு முதுகைக் காட்டி நின்று, பல நாளாகத் தயார் செய்து வைத்திருந்த பிரசங்கத்தை எடுத்தார். "முகத்தைப் பார்க்காதீங்க! அவ கையில இருக்கிற பாத்திரத்தைப் பாருங்க! அந்தப் பாத்திரத்தை வச்சுத்தான் அவ ஏழைகளோட வாயிலிருந்து திருடினா! அந்தப் பாத்திரம் எவன் கையில இருந்ததோ அவனுக்கு மோட்சம் இல்லை!"

ஊர் பாத்திரத்தைப் பார்த்தது. பச்சைப் பூச்சு. தாடி. உடைந்த மூக்கு.

"யப்பா, அது நம்ம மூக்கறுந்த கிழவன்!" என்றான் கூரை வேய்கிறவன்.

"ஆமாடா, கிழவனேதான். கிழவன் எதுக்கு நரகத்துக்குப் போனான்?"

"சாமிதான் சொல்றாரே, அளவு குறைச்சலாம்."

இப்போது எல்லாத் தலைகளும் தூணை விட்டுவிட்டு வைமண்ட் பக்கம் திரும்பின. வாயில் பிரசங்கம் பாதியில் நிற்க, சாமியார் மெல்லத் திரும்பி மேலே பார்த்தார். அதற்குள் இரண்டு பேர் சாமான் அறைக்குள் போய்க் கிழவனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். இன்னொருத்தன் ஓடிப்போய் ஹாவிஸின் முத்திரை ஜாடியைக் கொண்டுவந்தான். கோயில் வாசலில் வைத்து, கிழவன் நிறையத் தண்ணீர் பிடித்து முத்திரை ஜாடியில் ஊற்றினார்கள். கழுத்துக்கு வெகு கீழேயே நின்றுவிட்டது. அந்தப் பெந்தெகொஸ்தேயை, அதற்கு முந்தியதை, அதற்கும் முந்தியதை, எல்லாவற்றையும் ஊர்த் தொண்டைகள் நினைத்துப் பார்த்தன.

"குறைஞ்சது கடவுளுக்குப் போச்சுப்பா!" என்று கத்தினார் வைமண்ட்.

"அவரு குடிச்சாராண்ணே?" என்று கேட்டது ஒரு குரல்.

அன்றைக்கு வைமண்டின் தலைத்தொப்பி கிணற்றில் கிடந்தது. ஆளைக் கிணற்றில் போடாமல் விட்டது சம்மனசின் தயவு.

ஹாவிஸ் வீட்டுக்குப் போய் வாசல் கம்பில் இருந்த தழையை அவிழ்த்தாள். கம்பையும் பிடுங்கி உள்ளே வைத்தாள். அடுப்பை அணைத்தாள். யார் வந்து கேட்டாலும் ஒரே பதில்தான்.

"நான் நரகத்துல இருக்கேன்ப்பா. அங்கிருந்து எப்படிக் காய்ச்சுறது?"

முதலில் சிரித்தார்கள். பிறகு பக்கத்து வீட்டுக்காரி காய்ச்சியதைக் குடித்துப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்கள். பனிக்காலம் நெருங்கியது, கிறிஸ்துமஸ் வந்துகொண்டிருந்தது. குடிக்க நல்ல ஏல் இல்லாத ஊரில் சாமியாருக்கு யார் முகம் கொடுப்பார்கள்? பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தவர்கள்கூடத் தங்கள் பாவத்தை விட்டுவிட்டு அவருடையதைப் பேசினார்கள். கடைசியில் ஒருநாள் காலையில் அவரே வந்தார். சிஸிலியை அனுப்பிப் பழகிய தோஷம், பின்வாசலுக்கு வந்தார்.

"என்னம்மா செய்யச் சொல்றே? வேணும்னா உன்னை மேல வரையச் சொல்றேன். மோட்சத்துல. என் பக்கத்துல இடம் இருக்கு."

ஹாவிஸ் யோசித்தாள். கோடை முழுக்க அவள் ஏங்கியது அந்த இடத்துக்குத்தானே.

"வேண்டாம் சாமி. அங்க வந்தாலும் நீங்க பின்வாசலுக்குத்தான் ஆள் அனுப்புவீங்க. என்னை அழிச்சிருங்க, அது போதும். ஜாடி இருக்கட்டும்."

தர்ஸ்டன் ஊரை விட்டுப் போயிருந்தான். வைமண்டே சாரத்தில் ஏறி, முகத்தில் சுண்ணாம்பு அடித்தார். பசாசின் தோளில் முகமில்லாத ஒருத்தி, கையில் மூக்கில்லாத கிழவன். மறுவாரம் ஹாவிஸ் வீட்டு வாசலில் தழை ஆடியது. ஞாயிறு காலையில் மட்டும், பூசை முடியும்வரை, யாருக்கும் ஊற்ற மாட்டாள். அதிலிருந்து எங்கள் ஊரில் பூசை சுருக்கமாக முடிந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள்கூட அதற்காக இங்கே வந்தார்கள்.

ஒரு குறை மட்டும் நின்றுவிட்டது. வைமண்ட் அடித்த சுண்ணாம்பு மெல்லியது. மழை பிடித்துச் சுவர் ஈரம் குடித்தால், வெள்ளைக்கு அடியிலிருந்து மரு மட்டும் எட்டிப் பார்க்கும். வெயில் வந்தால் போய்விடும். ஹாவிஸ் சாகும்வரை மழைக்கால ஞாயிறுகளில் நிமிர்ந்து பார்க்காமலே பூசை கண்டாள்.

வயதாகிப் படுத்துவிட்டபோது, அவஸ்தைப்பூசுதல் கொடுக்க ஆஸ்பர்ட் சாமியார் வந்தார். அவருக்கும் வயதாகியிருந்தது, கன்னம் வற்றியிருந்தது. எண்ணெய் பூசி முடித்தார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

"சாமி, இன்னைக்கு அது தெரியுமே," என்றாள்.

அவர் ஜன்னல் வழியாகக் கோயில் பக்கம் பார்த்தார்.

"ஆண்டவர் அதைப் பார்த்திருப்பாரா?"

தாழ்ச்சி, தவம், உத்தரிக்கிற ஸ்தலம் என்று அவரிடம் எப்போதும் கைவசம் நிறைய இருக்கும். அன்று அவர் எதையும் எடுக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் பெரிய கையைப் பிடித்துக்கொண்டார்.

"பார்த்திருப்பாரும்மா. முதல்ல ஜாடியைப் பார்த்திருப்பாரு. அப்புறம் என்னைப் பார்த்திருப்பாரு. உன்கிட்ட வர்றதுக்கு அவருக்கு எங்க நேரம் இருந்திருக்கும்?"

ஹாவிஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மனிதர் வாயிலிருந்து வந்ததையெல்லாம் ஒரு காலத்தில் நம்பியவள் அவள். இதையும் நம்பினாள்.

"தொண்டை கட்டியிருக்கு சாமி உங்களுக்கு," என்றாள். "தொட்டியில புதுசு இருக்கு. ஊத்திக்குங்க. முன்வாசல் வழியாப் போங்க."

அவர் எழுந்து போய், முத்திரை ஜாடியை விளிம்பு வரை நிரப்பிக்கொண்டார். முன்வாசலில், மழைக்கு ஒதுங்கி நின்ற ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, நின்றபடியே குடித்தார்.